லகோட்டா வீரர் ஒருவரின் குடும்பத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு

லகோட்டாக்கள் வட அமெரிக்கச் சமவெளிப் பூர்வகுடிகள், சியூ மக்களில் ஒரு பிரிவு. 1876 டிசம்பரில் மொன்டானாவின் டங் ஆற்றங்கரை ராணுவ முகாமுக்குச் சமாதானம் பேச வந்த சிட்டிங் புல் என்பவரை, ராணுவத்துக்கு வேலை பார்த்த குரோ இன ஸ்கவுட்டுகள் (வேவுகாரர்கள்) கொன்றுபோட்டார்கள். 1890 டிசம்பர் 15 அன்று ஸ்டாண்டிங் ராக்கில் இந்தியன் போலீஸ் சுட்டுக் கொன்றதும் சிட்டிங் புல்லைத்தான். முன்னவர் ஓக்லாலா என்ற லகோட்டாக் கிளையைச் சேர்ந்தவர். பின்னவர்தான் உலகம் அறிந்த, ஹுங்க்பாபா கிளைத் தலைவர். அதே காலத்தில் ஆவி நடனம் (கோஸ்ட் டான்ஸ்) என்ற மத இயக்கத்தில் பேர்போன இன்னொரு சிட்டிங் புல் இருந்தார், அவர் அரப்பாஹோ என்ற வேறு இனத்தவர். அமெரிக்கன் ஹார்ஸ் என்ற பெயரிலும் இருவர் உண்டு: ஒருவர் 1876 செப்டம்பரில் ஸ்லிம் பியூட்ஸ் சண்டையில் காயம்பட்டு இறந்தார், மற்றவர் 1908 வரை பைன் ரிட்ஜில் வாழ்ந்தார். இரண்டாமவரின் போட்டோவுக்குக் கீழே முதலாமவரின் மரணக் கதையை ஒட்டி வைத்திருக்கும் இடங்கள் இன்றும் ஏராளம்.

பெயரைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பினால் யாரோ ஒருவருடைய தாத்தாவைப் பிடித்துக்கொண்டு திரும்புவோம். எந்த ஏஜென்சி (பைன் ரிட்ஜ், ஸ்டாண்டிங் ராக் போன்ற ரிசர்வேஷன்களை, அதாவது பூர்வகுடிகளுக்கு ஒதுக்கிய நிலங்களை, நிர்வகித்த அரசு அலுவலகம்), எந்தக் கிளை, யார் யாரோடு ஒரே கூடாரத்தில் இருந்தார்கள் என்பவை முதலில் வேண்டும். பெயர் நாலாவதாக வந்தால் போதும். இன்னொன்றும் உண்டு: வீரரைவிட அவருக்குப் பின் உயிரோடிருந்த பெண்கள்தான் அதிகக் காகிதம் விட்டுச் சென்றார்கள். மனைவி, சகோதரி, மகள் என்று போனால் அவரிடம் போய்ச் சேரலாம். நேராக அவரிடமே போனால் பெரும்பாலும் முட்டுச்சந்துதான்.

கிளையும் ஏஜென்சியும்

லகோட்டாக்கள் ஏழு கிளைகள். ஓக்லாலா பெரும்பாலும் பைன் ரிட்ஜில். சிச்சாங்கு ரோஸ்பட்டிலும் லோயர் புரூலேயிலும். ஹுங்க்பாபா ஸ்டாண்டிங் ராக்கில். மினிகோன்ஜு, இட்டாஸிப்ச்சோ, ஊஹெனும்பா ஆகிய மூன்றும் ஷையன் ரிவரில். சிஹாசாபா ஸ்டாண்டிங் ராக்கிலும் ஷையன் ரிவரிலும் பிரிந்து கிடக்கிறார்கள். 1889 மார்ச் 2 சட்டம் பெரிய சியூ ரிசர்வேஷனை ஆறாகக் கூறுபோட்ட பிறகு இந்தப் பிரிவு காகிதத்தில் இறுகிவிட்டது. ஆனால் மனிதர்கள் அப்படி இறுகவில்லை. கல்யாணம், சண்டை, பயம் எல்லாம் அவர்களை ஏஜென்சி விட்டு ஏஜென்சி நகர்த்தின.

ஹுங்க்பாபா சிட்டிங் புல்லின் வீட்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கொல்லப்பட்டபோது மனைவியர் இருவர் இருந்தார்கள், உடன்பிறந்த சகோதரிகள். அதன்பின் அவர்களும் பிள்ளைகளும் பைன் ரிட்ஜுக்குப் போய்விட்டார்கள். ஸ்டாண்டிங் ராக்கின் 1892, 1893 சென்சஸைப் புரட்டிக்கொண்டிருப்பவருக்குக் குடும்பமே அழிந்துவிட்டது போலத் தோன்றும். ஒரு குடும்பம் ஒரு பட்டியலிலிருந்து மறைந்தால் இறந்துவிட்டார்கள் என்று எழுதுமுன் பக்கத்து மூன்று ஏஜென்சிகளின் அதே ஆண்டு, அடுத்த ஆண்டுப் பட்டியல்களைப் பார்த்துவிடுங்கள். 1877-இல் ராணுவத்துக்குத் தப்பிக் கனடா போனவர்களில் ஒரு பகுதி திரும்பவே இல்லை. சஸ்காச்செவனின் வுட் மவுன்டனில் தங்கிவிட்டார்கள். மொன்டானாவின் ஃபோர்ட் பெக்கிலும் ஹுங்க்பாபா குடும்பங்கள் உண்டு.

அப்புறம், டாஸ் ரோல்ஸ் என்று ஒரு பட்டியல் இணையத்தில் முதலில் வந்து நிற்கும். அது ஓக்லஹோமாவின் ஐந்து இனங்களுக்கானது. லகோட்டாக்கள் அதில் கிடையாது. அதில் தேடி நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

பின்னிருந்து முன்னே

தொடங்க வேண்டிய இடம் 1876 அல்ல, 1910-க்குப் பிந்தைய வாரிசுரிமைக் கோப்பு. 1889 சட்டப்படி குடும்பத் தலைவருக்கு 320 ஏக்கர், 18 வயது தாண்டிய தனியாளுக்கு 160, அதற்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு 80 என்று நிலம் பங்கிடப்பட்டது. பைன் ரிட்ஜில் பங்கீடு 1904-இல்தான் தொடங்கியது. ஒவ்வொரு பங்குக்கும் ஓர் அலாட்மென்ட் எண். பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டாலும் இந்த எண் மாறாது. கிடைத்த அன்றே குறித்துவையுங்கள், பின்னால் எல்லாக் கதவையும் அதுதான் திறக்கும்.

நிலம் பெற்றவர் உயில் இல்லாமல் இறந்தால் வாரிசு யார் என்று தீர்மானிக்கும் பொறுப்பை 1910 ஜூன் 25 சட்டம் உள்துறைச் செயலரிடம் கொடுத்தது. அதற்காக விசாரணை நடந்தது. எத்தனை மனைவி, எவரை லகோட்டா வழக்கப்படி மணந்தார், எவரைவிட்டு எப்போது பிரிந்தார், பிறந்த பிள்ளைகள் எத்தனை, எது எந்த வயதில் இறந்தது, தாய் தகப்பன் பெயர் என்ன, உடன்பிறந்தோர் யார் என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். நிலத்தில் பங்கில்லாத சாட்சிகளையும் விசாரித்தார்கள். சில கோப்புகளில் ஒரு கிழவியின் வாக்குமூலம் மட்டுமே ஐந்தாறு பக்கம் ஓடும். 1850-களில் பிறந்து பேர் வைக்குமுன் இறந்த குழந்தைகூட அதில் இருக்கும்.

நீங்கள் தேடுபவர் 1904-க்கு முன்பே இறந்துவிட்டாரா? அவருக்கு நிலம் இல்லை, கோப்பும் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அவருடைய உடன்பிறந்தாரில் பிள்ளையில்லாமல் இறந்தவர் யார் என்று பாருங்கள். பிள்ளை இருந்தால் சொத்து நேராகக் கீழே இறங்கிவிடும், விசாரணையும் சுருக்கமாக முடியும். பிள்ளை இல்லாவிட்டால் சொத்து பக்கவாட்டில் போக வேண்டும். அப்போது இறந்துபோன அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அவர்கள் ஒவ்வொருவரின் பிள்ளைகள் என்று முழு வம்சத்தையும் எழுதியாக வேண்டும். பிள்ளையில்லாத ஒரு சகோதரியின் கோப்பு, பெரிய தலைவர் ஒருவரின் கோப்பைவிடப் பெறுமதியானது.

இக்கோப்புகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ரெக்கார்டு குரூப் 75 என்ற பதிவுத் தொகுதியில் இருக்கின்றன. பைன் ரிட்ஜ், ரோஸ்பட் முதலான டகோட்டா மாநிலங்களின் ஏஜென்சிகளுடைய அலுவலகப் பதிவுகள் கான்சஸ் சிட்டிக் கிளையிலும், வாஷிங்டனுக்குப் போன கடிதங்கள் வாஷிங்டனிலும் உள்ளன. ஒரே விவகாரத்தின் பாதி இங்கேயும் பாதி அங்கேயும் கிடப்பது வழக்கம். எழுதிக் கேட்கும்போது ஏஜென்சி, அலாட்மென்ட் எண், இறந்த ஆண்டு மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். பெயர் மட்டும் எழுதினால் 'கிடைக்கவில்லை' என்றுதான் பதில் வரும்.

ஒரு எச்சரிக்கை. சாட்சி சொன்னவர்களுக்கு நிலத்தின் மேல் கண் இருந்திருக்கலாம். இரண்டாம் மனைவியின் பிள்ளைகள் 'அந்த முதல் கல்யாணம் கல்யாணமே அல்ல' என்று சொல்லியிருப்பார்கள். ஏஜென்சிக்காரரும் பலதார மணத்தை எழுத விரும்பமாட்டார். அதனால் ஒரே குடும்பத்தின் இரண்டு மூன்று கோப்புகளை எடுத்து, ஒரே ஆள் வெவ்வேறு ஆண்டில் என்ன சொன்னார் என்று ஒப்பிட வேண்டும்.

சென்சஸை எப்படி வாசிப்பது

1884 ஜூலை 4 சட்டம் ஒவ்வொரு ஏஜென்டும் ஆண்டுதோறும் கணக்கெடுக்க வேண்டும் என்றது. 1885 முதல் 1940 வரையிலான அந்தப் பட்டியல்கள் எம்595 என்ற மைக்ரோஃபில்ம் வரிசையில் 692 சுருள்களாக உள்ளன, இணையத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். வரிசை எண், லகோட்டாப் பெயர், ஆங்கிலப் பெயர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, வயது, ஆணா பெண்ணா என்பவை அடிப்படைக் கட்டங்கள்.

தேடுபெட்டியை நம்பாதீர்கள். கையெழுத்தை வாசித்து அட்டவணை போட்டவர்களுக்கு லகோட்டா தெரியாது. 'தாசுங்கே' என்பதை ஒரு எழுத்தர் 'தசுன்கா' என்பார், இன்னொருவர் 'தஷுங்கா' என்பார். ஸ, ஷ இரண்டும் ஒன்றாகக் கலந்துகிடக்கும். மூக்கொலி சில இடத்தில் எழுதப்பட்டிருக்கும், சில இடத்தில் விழுங்கப்பட்டிருக்கும். பெண் பெயரின் இறுதியில் வரும் 'வின்' ஒரு வருடம் இருக்கும், மறு வருடம் இருக்காது. ஆங்கிலமோ அதைவிட மோசம்: கறுப்புச் சால்வை, கறுப்புப் போர்வை, கறுப்பு அங்கி என்று மூன்று பெயரில் வருபவர் ஒரே பெண்மணியாக இருக்கலாம். பக்கம் பக்கமாகப் புரட்டுவது ஒன்றே வழி. பைன் ரிட்ஜ் என்றால் ஓராண்டுப் பட்டியலுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

புரட்டும்போது ஒரு தாளில் இந்தக் கட்டங்கள் இருக்கட்டும்: ஆண்டு, ஏஜென்சி, மாவட்டம் அல்லது குழு, வரிசை எண், இரண்டு பெயரும் எழுதியபடியே, உறவு, வயது, வயதிலிருந்து கழித்துப் பெற்ற பிறந்த ஆண்டு, மேலும் கீழும் உள்ள மூன்று மூன்று வீடுகள். இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆரம்பப் பட்டியல்கள் குழுவாரியாக, அதாவது லகோட்டாக்கள் தியோஷ்பாயே என்று சொல்லும் பங்காளிக் கூட்டம் கூட்டமாக எழுதப்பட்டவை. பக்கத்துக் கூடாரம் பெரும்பாலும் தம்பி கூடாரமாகவோ மாமனார் கூடாரமாகவோதான் இருக்கும். பிற்பாடு ஆங்கிலக் குடும்பப்பெயரின் அகரவரிசைக்கு மாற்றியதும் அந்தத் தகவல் முழுக்கப் போய்விட்டது. எனவே 1880-களின் பட்டியல் ஒன்றுக்கு 1920-களின் பட்டியல் பத்து ஈடாகாது.

எடுத்துக்காட்டாக ஒரு வீடு. 1887-இல் தலைவர் 45, மனைவி 40, மகன் 17, மகள் 9. 1888-இல் 46, 41, 18, 10. 1889-இலும் இப்படியே ஒவ்வொன்று கூடுகிறது. இதைப் பார்த்து 'வயது உறுதியாகிவிட்டது' என்று எண்ணக் கூடாது. எழுத்தர் போன வருடப் பட்டியலைப் பார்த்து ஒன்று கூட்டி எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். திடீரென 1891-இல் தலைவருக்கு 52 என்று வந்தால் அந்த வருடம்தான் யாரோ நேரில் போய்க் கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிசகிய வருடங்களுக்கே மதிப்பு அதிகம். 40, 45, 50 என்று ஐந்தின் மடங்காக வரும் வயதுகளை ஐந்தாண்டு முன்பின்னாக வைத்துக்கொள்ளுங்கள்.

இறந்துபோனவரின் பெயர் சென்சஸ் பட்டியலில் தொடர்வதும் உண்டு. ரேஷன் மாட்டிறைச்சி தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கப்பட்ட காலம் அது. ஒரு தலை குறைந்தால் வீட்டுக்கு நஷ்டம். அதைத் திருட்டு என்று நீதி பேசுபவர்கள், வாக்களித்த ரேஷனை அரசே வெட்டிய கதையையும் சேர்த்துப் பேச வேண்டும். நமக்குத் தேவை ஒன்றுதான்: பட்டியலில் பெயர் நின்ற ஆண்டை இறந்த ஆண்டாகக் கொள்ளாதீர்கள்.

1900, 1910 ஆண்டுகளின் பொது சென்சஸிலும் பூர்வகுடிகளுக்குத் தனித் தாள் இருந்தது. வேறு பெயர் உண்டா, தந்தையின் இனம், தாயின் இனம், பெண் பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பது எத்தனை என்று கேட்டார்கள். 1910-இல் பலதார மணமாக இருந்தால் மனைவியர் சகோதரிகளா என்றுகூட ஒரு கேள்வி. எம்595-ஐ மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு மனைவியரைப் பிரித்தறிய முடியாமல் தவிப்பவர்களுக்கு இந்தத் தாள் பெரிய உதவி. 1890 பொது சென்சஸைத் தேட வேண்டாம், அதில் பெரும்பகுதி 1921 தீ விபத்தால் போய்விட்டது.

சித்தப்பாவும் அப்பாதான்

உறவுமுறையில் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி இருக்கிறது. லகோட்டாவில் தந்தையின் சகோதரரும் தந்தை, தாயின் சகோதரியும் தாய். அவர்கள் பிள்ளைகள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை. தாய்மாமனுக்கு லெக்ஷி, அத்தைக்கு துன்வின் என்று தனிச்சொல். அவர்கள் பிள்ளைகளுக்குத் தனிமுறை. மூத்தவர், இளையவர் வேறுபாடும் அப்படியே. 1871-இல் லூயிஸ் ஹென்றி மார்கன் உலக உறவுமுறைகளைத் தொகுத்தபோது தமிழ் முறையையும் வட அமெரிக்காவின் செனெக்கா இரோகுவா முறையையும் அருகருகே வைத்துக் காட்டியது இந்த ஒற்றுமையைத்தான். லகோட்டா முறையும் அதே ஜாதி.

எனவே 1900-களின் பேட்டி ஒன்றில் ஒரு கிழவர், ஓக்லாலா போர்த் தலைவரான கிரேஸி ஹார்ஸைப் பற்றி 'கிரேஸி ஹார்ஸ் என் அண்ணன்' என்று சொன்னால் நமக்கு உடனே 'எந்த வழியில் அண்ணன்?' என்று கேட்கத் தோன்றும். இங்கிலீஷ்காரர்களுக்கு அது தோன்றாமல்தான் பல வம்சாவளிப் படங்களில் ஒரு தகப்பனுக்குப் பதினோரு மகன்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சென்சஸ் எழுத்தர்களும் அப்படியே. மொழிபெயர்ப்பாளர் 'மகன்' என்றார், அவர் 'மகன்' என்று எழுதினார். தம்பி மகனாகவும் இருக்கலாம். ஒருவரை மகன் என்று உறுதிசெய்யக் குறைந்தது இரண்டு சான்று வேண்டும்: ஒன்று சென்சஸ், இன்னொன்று 'பெற்ற தாய் யார்' என்று கேட்கப்பட்ட வாரிசுக் கோப்பு அல்லது ஞானஸ்நானப் பதிவு.

ஆனால் அந்த வசதியே காலை வாரிவிடவும் செய்யும். நம்மில் மாமன் மகளும் அத்தை மகளும் கட்டிக்கொள்ளும் முறை. லகோட்டாவில் அது கிடையாது, தெரிந்த உறவுக்குள் மணமே கூடாது. மாமனாருக்கும் தாய்மாமனுக்கும் ஒரே சொல் அங்கே பொருந்தாது. 'முறைப்பெண்ணாக இருப்பாள்' என்று ஊகித்து ஒரு கோடு போட்டுவிட்டால் அந்தக் கிளை முழுக்கத் தப்பாகிவிடும். மனைவியின் தங்கையையும் சேர்த்து மணப்பதும், இறந்த அண்ணன் மனைவியைத் தம்பி ஏற்பதும் வழக்கம். பிள்ளை இருவரையும் அம்மா என்றே சொல்லும்.

இதற்கு மேல் ஹுங்கா என்ற தத்துறவுச் சடங்கு உண்டு. ரத்தத் தொடர்பு இல்லாதவரைச் சடங்கு செய்து அண்ணனாக, தந்தையாக, மகனாக ஏற்பது. ஏற்றபின் அவர் முழு உறவினர். வம்சாவளிப் படத்தில் ஹுங்கா உறவைப் புள்ளிக்கோட்டால் காட்டுங்கள். அழித்துவிடாதீர்கள். அவர்களுக்கு அது ரத்த உறவுக்கு ஒருபடி மேல்.

பெயர் கைமாறும்

சிறுவயதுப் பெயர் ஒன்று, வீரம் காட்டியபின் ஒன்று, சில சமயம் முதுமையில் இன்னொன்று. ஹுங்க்பாபா சிட்டிங் புல் சிறுவயதில் ஜம்பிங் பேட்ஜர். பதினான்கு வயதில் முதல் சண்டையில் எதிரியைத் தொட்டு வந்ததும் (அது அங்கே பெரிய வீரச் செயல்) தந்தை தன் பெயரான சிட்டிங் புல்லை மகனுக்குக் கொடுத்துவிட்டு ஜம்பிங் புல் ஆனார். பின்னர் போரில் பிடிபட்ட அசினிபோயின் சிறுவன் ஒருவனைச் சிட்டிங் புல் தம்பியாக ஏற்றார். தந்தை இறந்தபின் ஜம்பிங் புல் என்ற பெயர் அந்தத் தம்பிக்குப் போனது. 1890-இல் சிட்டிங் புல்லோடு செத்தவர் இந்த ஜம்பிங் புல். ஆண்டைப் பார்க்காமல் எழுதினால், அதற்கு முப்பது ஆண்டுக்கு முன்பே இறந்த தகப்பனை மறுபடி சாகடிப்போம்.

கிரேஸி ஹார்ஸ் விஷயம் இன்னும் சிக்கல். தந்தையும் கிரேஸி ஹார்ஸ்தான். பெயரை மகனுக்குக் கொடுத்து அவர் வேறு பெயர் ஏற்றார். மகன் 1877 செப்டம்பர் 5 அன்று கேம்ப் ராபின்சனில் துப்பாக்கி முனை ஈட்டியால் குத்தப்பட்டு அன்றிரவே இறந்தார். கடைசிக் காலத்தில் அவரோடு வாழ்ந்த நெல்லி லாரபியை மறுமணம் செய்துகொண்டவர் அந்தப் பெயரைத் தானும் எடுத்துக்கொண்டார். ஆகவே 1880-கள், 90-களின் பைன் ரிட்ஜ் பட்டியலில் கிரேஸி ஹார்ஸைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். போட்டோவும் அப்படித்தான்: கிரேஸி ஹார்ஸ் என்று விற்கப்படும் எதுவும் ஐயமற நிறுவப்பட்டதல்ல.

1890-களில் இருந்து அரசு குடும்பப்பெயர் வேண்டும் என்று நெருக்கியது. பெரும்பாலும் தந்தையின் சொந்தப் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப்பெயராக இறுகியது. ஆனால் அண்ணன் பள்ளியில் ஒரு பெயர் வாங்கியிருப்பான், தம்பி ஏஜென்சியில் வேறு பெயர் வாங்கியிருப்பான். உடன்பிறந்த மூவருக்கு மூன்று குடும்பப்பெயர் இருந்தால் வியக்க வேண்டாம். சியூ மக்களின் இன்னொரு பிரிவான டகோட்டாவைச் சேர்ந்த மருத்துவர் சார்லஸ் ஈஸ்ட்மன் 1903 முதல் சில ஆண்டுகள் சியூ குடும்பங்களின் பெயர்களைத் திருத்தி ஒழுங்குபடுத்தும் அரசு வேலையில் இருந்தார். அந்தக் காலத்துப் பெயர் மாற்றம் தென்பட்டால் முன்னும் பின்னும் வரிசை எண்ணைக் கொண்டு இணையுங்கள்.

பள்ளி, தேவாலயம், ராணுவம்

பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளி 1879 முதல் 1918 வரை நடந்தது. முதல் தொகுதிப் பிள்ளைகள் ரோஸ்பட், பைன் ரிட்ஜிலிருந்துதான் போனார்கள். மாணவர் அட்டைகளில் தந்தை பெயர், அவர் உயிரோடிருக்கிறாரா, ஏஜென்சி, வயது, வந்த நாள், போன நாள் எல்லாம் இருக்கும். டிக்கின்சன் கல்லூரி இவற்றை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. தந்தை இறந்த ஆண்டை வளைத்துப் பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. பல அட்டைகள் ஒரு பிள்ளையின் மரணத்தோடு முடியும். வாசிக்கும்போது அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

பைன் ரிட்ஜின் ஹோலி ரோசரி, ரோஸ்பட்டின் செயின்ட் பிரான்சிஸ் ஆகிய ஏசு சபை மிஷன்களின் ஆவணங்களுக்கு மில்வாக்கியின் மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழகத்தில் கேளுங்கள். ஞானஸ்நானப் பதிவில் பெற்றோரைவிட ஞானப்பெற்றோர் பெயரைக் கவனியுங்கள். அநேகமாக நெருங்கிய சொந்தமாக இருப்பார்கள்.

1876 ஜூன் 25 அன்று கஸ்டரின் குதிரைப்படையை லகோட்டாக்களும் ஷையன்களும் தோற்கடித்த லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் இருந்தார் என்று ஒரு குடும்பம் சொன்னால் அதை எப்படிச் சரிபார்ப்பது? அந்தக் கோடையில் அவர் ஏஜென்சியில் இருந்தாரா, அரசுக்கு அடங்காத கூட்டங்களோடு வடக்கே இருந்தாரா என்பதே கேள்வி. 1877 மே 6 அன்று கிரேஸி ஹார்ஸ் கூட்டம் ரெட் கிளவுட் ஏஜென்சியில் (பைன் ரிட்ஜின் முன்னோடி) சரணடைந்தபோது ஏறக்குறைய 900 பேரைக் கணக்கெழுதினார்கள். கூடாரத் தலைவர் பெயர், அவர்கீழ் எத்தனை ஆண், பெண், சிறுவர், சிறுமியர் என்ற எண்ணிக்கை அதில் உண்டு. அந்தப் பேரேடு நெப்ராஸ்கா மாநில வரலாற்றுக் கழகத்தில் இருக்கிறது, அச்சிலும் வந்திருக்கிறது. அதில் இருந்தால் வடக்கே இருந்தார் என்பதற்குச் சான்று. இல்லையென்றால் ஸ்பாட்டட் டெயில் ஏஜென்சியில் (ரோஸ்பட்டின் முன்னோடி) சரணடைந்தவர்களையும், 1881 வரை கனடாவிலிருந்து திரும்பியவர்களையும் பார்க்க வேண்டும். ஆனால் வடக்கே இருந்ததும் அன்று சண்டையில் நின்றதும் ஒன்றல்ல.

சரணடைந்த கையோடு பலர் ராணுவ ஸ்கவுட்டாகச் சேர்ந்தார்கள். கிரேஸி ஹார்ஸே 1877 மே மாதம் சேர்ந்தார். சேர்ந்தவர் பதிவேட்டில் உயரம், வயது, சேர்ந்த இடம் இருக்கும். 1917-க்குப் பின் ஓய்வூதியம் கேட்டு அவர்களும் விதவைகளும் கொடுத்த விண்ணப்பங்கள் வாஷிங்டனில் ரெக்கார்டு குரூப் 15-இல் உள்ளன. விதவை தன் கல்யாணத்தை நிரூபிக்க வேண்டியிருந்ததால் பக்கத்துக் கூடாரத்தார் எல்லாம் வாக்குமூலம் தந்திருப்பார்கள். 1876-இல் ராணுவம் பறித்த குதிரைகளுக்கான இழப்பீடும் பார்க்கத் தக்கது. ரெட் கிளவுட், ரெட் லீஃப் கூட்டத்தாருக்கு குதிரைக்கு 40 டாலர் வீதம் 28,200 டாலரை 1889 சட்டம் ஒதுக்கியது. இழந்தவர் யார், எத்தனை குதிரை என்பது அந்தக் காகிதங்களில் வரும்.

பனிக்காலக் கணக்கும் பேட்டிகளும்

1850-க்கு முன்னால் போகக் காகிதம் இல்லை. பனிக்காலக் கணக்குகள் உண்டு: முதல் பனி முதல் அடுத்த முதல் பனி வரை ஓராண்டு, அதற்கு ஒரு சித்திரம், ஒரு பெயர். 1833 நவம்பரின் விண்கல் மழை 'நட்சத்திரம் விழுந்த பனிக்காலம்' என்று ஏறக்குறைய எல்லாக் கணக்கிலும் இருக்கிறது. அதை நங்கூரமாக வைத்து முன்னும் பின்னும் எண்ணுங்கள். ஒரு பனிக்காலம் நம் காலண்டரில் இரண்டு ஆண்டைத் தொடும் என்பதால் 1833–34 என்றே எழுதுங்கள், ஒற்றை ஆண்டாகச் சுருக்காதீர்கள். வேறு கிளையின் கணக்கைக் கொண்டு ஆண்டு குறிக்கவும் கூடாது. ஓக்லாலாவுக்கு அமெரிக்கன் ஹார்ஸ் கணக்கு, சிச்சாங்குவுக்கு பட்டீஸ்ட் குட் கணக்கு என்று அந்தந்தக் கிளைக்கு உரியதை எடுங்கள். ஒன்றுக்கொன்று ஓராண்டு நழுவியிருப்பது சகஜம்.

பேட்டிகளில் நெப்ராஸ்கா நீதிபதி ஈலை ரிக்கர் 1900-களில் எழுதிய குறிப்பேடுகளும், எலினர் ஹின்மன் 1930-இல் கிரேஸி ஹார்ஸின் நண்பர் ஹீ டாக் முதலானோரிடம் எடுத்தவையும் நெப்ராஸ்கா வரலாற்றுக் கழகத்தில் உள்ளன. சிட்டிங் புல்லின் சகோதரி மகன் வைட் புல்லிடம் எழுத்தாளர் வால்டர் கேம்ப்பெல் எடுத்தவை ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில். வாசிக்குமுன் நான்கைக் குறித்துக்கொள்ளுங்கள்: சொல்பவர் எந்தக் கூட்டம், நடந்தபோது அவர் வயது என்ன, மொழிபெயர்த்தவர் யார், அந்த மொழிபெயர்ப்பாளருக்கு இந்தக் குடும்பத்தோடு உறவோ பகையோ உண்டா. நாலாவதை விட்டால் மற்ற மூன்றும் வீண். லகோட்டா முதியவர்கள் தான் கண்ணால் கண்டதை மட்டும் சொல்வார்கள், பிறர் வீரத்தைப் பேச மறுப்பார்கள். 'தெரியாது' என்று பதில் வந்தால் பல சமயம் 'அது நான் சொல்லக் கூடியதல்ல' என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

லெட்ஜர் சித்திரங்களில், அதாவது பழைய கணக்கேடுகளின் தாள்களில் வரைந்த படங்களில், ஒருவரின் தலைக்கு மேல் கோட்டால் இணைத்து வரைந்திருக்கும் சிறு உருவம் அவருடைய பெயர். கேடயத்தின் வடிவும் குதிரையின் வண்ணக்குறியும் ஆளைக் காட்டும். ஓக்லாலா ஓவியர் அமோஸ் பேட் ஹார்ட் புல்லின் பேரேடு 1947-இல் அவர் சகோதரியோடு புதைக்கப்பட்டுவிட்டது. இப்போது நாம் பார்ப்பது அதற்கு முன் ஆய்வாளர் ஹெலன் பிளிஷ் ஏற்பாட்டில் எடுத்த போட்டோக்கள்தான். குடும்பம் அப்படி முடிவெடுத்தது. ஆய்வாளர் அதில் முணுமுணுக்க ஒன்றுமில்லை.

மரபணுச் சோதனை

ஹுங்க்பாபா சிட்டிங் புல்லின் தலைமுடிக் கற்றை ஒன்றை ஃபோர்ட் யேட்ஸ் ராணுவ மருத்துவர் வெட்டி வைத்திருந்தார். அது ஸ்மித்சோனியனுக்குப் போய், 2007-இல் குடும்பத்திடம் திரும்பியது. 2021-இல் அந்த முடியின் மரபணுவை ஒப்பிட்டு எர்னி லபாய்ன்ட் கொள்ளுப்பேரன் என்று உறுதிசெய்தார்கள். அவர் மகள் வழி, பேத்தி வழி வந்தவர். ஆகவே தகப்பன்வழி ஒய் குரோமோசோமும் உதவாது, தாய்வழி மைட்டோகாண்ட்ரியாவும் உதவாது. இருபக்கமும் கலந்துவரும் ஆட்டோசோம் பகுதியைக்கொண்டே முடிவு செய்ய வேண்டியிருந்தது. சிதைந்த முடியில் அது மிகக் கொஞ்சமே எஞ்சியிருந்ததால் அதற்கென்றே தனிக் கணக்கீட்டு முறை தேவைப்பட்டது. கடையில் வாங்கும் சோதனைப் பெட்டி இந்த வேலையைச் செய்யாது. 'பூர்வகுடி இத்தனை சதவீதம்' என்று வருமே தவிர லகோட்டா என்றோ இன்னார் வம்சம் என்றோ சொல்லாது. பழங்குடி உறுப்பினர் பதிவுக்கும் அது செல்லாது.

வாரிசுக் கோப்புகளில் இன்று உயிரோடிருப்பவர்களின் பாட்டிமார் பற்றிய அந்தரங்கம் எல்லாம் இருக்கிறது. யார் யாரைவிட்டு ஓடினார், எந்தப் பிள்ளைக்கு எந்தத் தகப்பன் என்பதெல்லாம். ஒரு 160 ஏக்கருக்கு இன்று நூற்றுக்கணக்கில் பங்காளிகள் இருக்கக்கூடும், ஆகவே நீங்கள் போடும் ஒரு கோடு வழக்காகவும் மாறலாம். எதையும் வெளியிடுமுன் குடும்பத்துப் பெரியவர்களிடம் காட்டி, வேண்டாம் என்பதை எடுத்துவிடுங்கள். சடங்குப் பொருள், புதைத்த இடம் இரண்டையும் அவர்களாகச் சொன்னாலும் எழுதக் கூடாது. வேலை முடிந்ததும் சேகரித்த நகல்களில் ஒரு முழுத் தொகுதி அந்த ரிசர்வேஷனின் கல்லூரிக்குப் போகட்டும்: பைன் ரிட்ஜ் என்றால் கைலில் உள்ள ஓக்லாலா லகோட்டா கல்லூரி, ரோஸ்பட் என்றால் மிஷன் ஊரின் சின்டே கிளெஸ்கா பல்கலைக்கழகம், ஸ்டாண்டிங் ராக் என்றால் ஃபோர்ட் யேட்ஸின் சிட்டிங் புல் கல்லூரி. ஒவ்வொரு நகலின் பின்னாலும் ஏஜென்சி, ஆண்டு, சுருள் எண், பக்க எண், அலாட்மென்ட் எண் ஐந்தையும் பென்சிலால் எழுதி அனுப்புங்கள். பேனா மை ஊறி முன்பக்கத்துக்கு வந்துவிடும்.